ஊருக்கே தெரிஞ்ச ரகசியம்: கடலூர் சிப்காட்டும் ஒரு பிளாஸ்டிக் வாளியும்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோடை ஒரு பஸ்ஸுக்குள்ள இருந்து ஆரம்பிக்கிறேன்.

நான் சிதம்பரத்துல படிச்சவன். மாசத்துக்கு ரெண்டு தடவையாவது கடலூர்ல இருந்து சிதம்பரத்துக்கு பஸ். திருப்பாதிரிப்புலியூர்ல ஏறி, ஓ.டி. தாண்டி, பச்சையாங்குப்பம் பக்கம் வரும்போது பஸ்ஸுக்குள்ள ஒரு விஷயம் நடக்கும். யாரும் யாருக்கும் சொல்ல மாட்டாங்க. ஆனா ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிற எல்லாரும் ஷட்டரை இறக்குவாங்க. முந்தானை மூக்குக்குப் போகும், கர்ச்சீப் வெளிய வரும். தூங்கிட்டிருந்த குழந்தை முழிச்சுக்கும். குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம்னு ஊர்கள் வரிசையா போகும். கொஞ்ச நேரம் கழிச்சு ஒருத்தர் ஷட்டரைத் தூக்குவார். அப்புறம் எல்லாரும் தூக்குவாங்க. பேச்சு விட்ட இடத்துல இருந்து தொடரும்.

மூணு வருஷம் நானும் அப்படித்தான் ஷட்டரை இறக்கினேன், தூக்கினேன். அந்தப் பக்கம் ஷட்டர் இல்லாத வீடுகள்ல ஆளுங்க இருக்காங்கன்னு எனக்குத் தோணவே இல்லை.

நம்ம ஊர்ல "சிதம்பர ரகசியம்"னு ஒரு பேச்சு உண்டு. கோயில்ல திரையை விலக்கினா தங்க வில்வ மாலை தொங்கும், பின்னால வெறும் வெளி. யாருக்கும் புரியாத விஷயத்துக்கு அந்தப் பேரைச் சொல்லுவோம். ஆனா சிதம்பரம் போற வழியில இருந்த ரகசியம் வேற மாதிரி. அது எல்லாருக்கும் தெரியும். பஸ் கண்டக்டருக்குத் தெரியும், டீக்கடைக்காரருக்குத் தெரியும், அதிகாரிக்கும் தெரியும். தெரிஞ்சும் யாரும் வாயைத் திறக்காததுதான் அங்க ரகசியம். அதை முதல்ல எழுதி வெச்சது யாரு, எப்படி எழுதினாங்க, அதுக்கு என்ன விலை? இன்னைக்கு அதைத்தான் பார்க்கப் போறோம்.

"போட்டுக் கொடுத்துட்டான்"

முதல்ல ஒரு சொல் பிரச்சினை. விசில்ப்ளோயர்ங்கிறதுக்குத் தமிழ்ல ஒரு நல்ல தெருச் சொல் இருக்கான்னு யோசிச்சுப் பாருங்க. பேப்பர்ல "முறைகேட்டை அம்பலப்படுத்தியவர்"னு எழுதுவாங்க. ஆபீஸ்ல, ஹாஸ்டல்ல, தெருவுல என்ன சொல்லுவோம்? "போட்டுக் கொடுத்துட்டான்." "காட்டிக் கொடுத்துட்டான்." ரெண்டும் திட்டு. அதுக்கும் மேல போனா "எட்டப்பன்". எட்டையபுரம் வரலாறு அவ்வளவு நேர்கோடா இல்லைன்னு வாதாடுறவங்க இருக்காங்க, அது தனி எபிசோட். ஆனா வசவுச் சொல்லா அந்தப் பேர் நிலைச்சுப் போச்சு.

அதாவது நம்ம பேச்சுமொழியில துரோகம் செய்றவனுக்கும் உண்மையைச் சொல்றவனுக்கும் ஒரே சொல்தான். ரெண்டு பேரும் உள்ள இருக்கிற விஷயத்தை வெளிய சொல்றாங்க, அதனால ஒண்ணா தெரியுது.

வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க நான் ஒரு எளிய கேள்வி வெச்சிருக்கேன். தகவல் எந்தப் பக்கம் போகுது? ஒளிஞ்சிருக்கிற எளியவனைப் பத்தி பலமானவன்கிட்ட சொன்னா அது காட்டிக் கொடுக்கிறது. பலமானவன் ஒளிச்சு வெச்சதை, அதனால பாதிக்கப்படப் போற சனங்ககிட்ட சொன்னா அது வேற. அதுக்குப் பழைய தமிழ்ல நல்ல சொல்லே இருக்கு: இடித்துரைத்தல். தப்பைச் சுட்டிக் காட்ட ஆள் இல்லாத அரசன் தானாவே கெட்டுப் போவான்னு திருக்குறள்ல "பெரியாரைத் துணைக்கோடல்" அதிகாரம் எச்சரிக்குது. ஆனா அங்க இடித்துரைக்கிறவர் பெரியவர், அரசனுக்குப் பக்கத்துல ஆசனம் உள்ளவர். ஆசனமே இல்லாத ஆள் இடித்துரைச்சா என்ன ஆகும்? அந்தக் கேள்விக்குத்தான் கடலூர் போறோம்.

ஆத்துக்கும் ரோட்டுக்கும் நடுவுல

சிப்காட்னா தமிழ்நாடு அரசோட தொழில் வளர்ச்சிக் கழகம். 1971இல் தொடங்கினது. இது கடலூர்ல ரசாயனத் தொழிற்பேட்டை போட்டது 1980களில். மருந்து, பூச்சிக்கொல்லி, சாயம், இதுக்கெல்லாம் தேவையான இடைநிலை ரசாயனங்கள் செய்ற கம்பெனிங்க வந்தாங்க. ஒரு பக்கம் கடலூர் – சிதம்பரம் ரோடு. இன்னொரு பக்கம் உப்பனாறு, கடலூர் ஓ.டி. பக்கத்துல கடல்ல கலக்கிற ஆறு. ஆத்தை நம்பி மீன் பிடிக்கிற குப்பங்கள் ஒரு புறம், விவசாயக் கிராமங்கள் ஒரு புறம், நடுவுல புகைபோக்கிகள்.

தொழிற்சாலை வந்தப்போ ஊர் சந்தோஷப்படலைன்னு சொல்ல முடியாது. வேலை வரும்னு எல்லா ஊரும் நினைக்கும். கொஞ்சம் வேலை வரவும் செஞ்சுது, பெரும்பாலும் கான்ட்ராக்ட் வேலை. கூடவே நாத்தமும் வந்துது. கிணத்துத் தண்ணியைப் பத்தியும், ஆத்துல மீன் செத்து மிதக்கிறதைப் பத்தியும் புகார்கள் வந்தன.

இந்த ஆத்தைப் படிச்சவங்க இல்லாமலும் இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் மையம் அதே மாவட்டத்துல பரங்கிப்பேட்டையில இருக்கு. உப்பனாறு கழிமுகத்துல எவ்வளவு உலோகம், எவ்வளவு மாசுன்னு ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கு. எல்லாம் இங்கிலீஷ்ல, ஆய்விதழ்கள்ல. ஆத்தோரம் வலை உலர்த்துறவர் அதைப் படிக்கப் போறதில்லை. ஆனா அதுல இருக்கிற விஷயம் அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

2003இல் ஒரு முக்கியமான ஆவணம் வந்துது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஜே. கனகராஜ், இந்திய மக்கள் தீர்ப்பாயத்துக்காக கடலூர் மக்கள்கிட்ட வாக்குமூலம் கேட்டு அறிக்கை கொடுத்தார். மக்கள் தீர்ப்பாயம்னா அதுக்குச் சட்ட அதிகாரம் கிடையாது. யாரையும் தண்டிக்க முடியாது, கம்பெனியை மூட முடியாது. ஆனா ஒண்ணு செய்ய முடியும்: அதுவரைக்கும் புலம்பலா இருந்ததை வாக்குமூலமா மாத்த முடியும். ஒரு பெரியவர் உட்கார்ந்து கேட்கிறார், பக்கத்துல ஒருத்தர் எழுதுறார். ஊர் பேசிச்சு.

நாத்தத்துக்கு ஆதாரம் எங்க?

இப்போ ஒரு நடைமுறைச் சிக்கல். ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சு முட்டுற மாதிரி ஒரு வாடை வருதுன்னு வெச்சுக்கோங்க. யாருக்கு போன் பண்ணுவீங்க? மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கா? காலையில பத்து மணிக்கு மேல ஆள் வருவாங்க. அதுக்குள்ள காத்து திசை மாறியிருக்கும், வாடை போயிருக்கும். "இப்ப ஒண்ணும் இல்லையே"ன்னு சொன்னா நீங்க என்ன பதில் சொல்லுவீங்க?

இன்னொரு சிக்கல் நம்ம மூக்குலயே இருக்கு. அழுகின முட்டை வாடை அடிக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடு மாதிரி வாயுக்களை அதிக நேரம் சுவாசிச்சா மூக்கு மரத்துப் போயிடும். வாடை தெரியாது, ஆனா வாயு அங்கேயேதான் இருக்கும். "எங்களுக்குப் பழகிடுச்சு"ன்னு சொல்றோமே, அது எப்பவும் நல்ல செய்தி இல்லை.

2004இல் குடிகாடு, ஈச்சங்காடு மாதிரி கிராமங்கள்ல இருந்து ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஒரு கண்காணிப்புக் குழு அமைச்சாங்க. சிப்காட் பகுதி சமுதாயச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள்னு பேர். நித்யானந்த் ஜெயராமன், ஸ்வேதா நாராயண் மாதிரி செயல்பாட்டாளர்கள் கூட நின்னாங்க. பெரிய கருவி எதுவும் கிடையாது. அவங்ககிட்ட இருந்தது ரெண்டே பொருள்: ஒரு நோட்டு, ஒரு வாளி.

நோட்டு முறை இப்படித்தான். வாடை வந்தவுடனே தேதி, நேரம், காத்து எந்தத் திசையில இருந்து வருது, வாடை எது மாதிரி இருக்கு, உடம்புக்கு என்ன பண்ணுதுன்னு எழுதணும். ரசாயனத்தோட பேர் தெரிய வேண்டாம். "நெயில் பாலிஷ் மாதிரி"ன்னு எழுதினா போதும், அசிட்டோன் மாதிரி கரைப்பான்களைச் சந்தேகிக்கலாம். "அழுகின முட்டை"ன்னா சல்ஃபர் வாயு. "அழுகின முட்டைகோஸ்"னா மெர்கேப்டான். ஊர்க்காரங்க மூக்குக்குத் தெரிஞ்சது, வேதியியல் தெரிஞ்சவங்களுக்குத் துப்பு.

இந்த முறையில ஒரு நேர்மை இருக்கு, அதை கவனிங்க. மூக்குக்குத் தெரிஞ்சதை மட்டும் எழுதணும். "இந்தக் கம்பெனிக்காரன்தான் விட்டான்"னு ஊகத்தை எழுதக் கூடாது. உண்மையை வெளிய சொல்றதுல அறம்ங்கிறது தைரியம் மட்டும் இல்லை. பார்த்தது எது, கேள்விப்பட்டது எது, சந்தேகப்படுறது எதுன்னு பிரிச்சு வெக்கிற ஒழுங்கும் அதுல சேர்த்தி. ஏன்னா தப்பான குற்றச்சாட்டு ஒரு ஆளோட வாழ்க்கையைக் கெடுக்கும், அடுத்து வர்ற சரியான குற்றச்சாட்டையும் கெடுக்கும்.

அடுத்து வாளி. இதுக்கு ஒரு குட்டிக் கதை உண்டு. 1994இல் அமெரிக்காவுல, கலிஃபோர்னியா மாநிலத்துல ரோடியோங்கிற ஊர்ல, யுனோக்கால் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில இருந்து 16 நாள் தொடர்ந்து ரசாயனம் கசிஞ்சுது. அந்த ஊர் மக்களுக்காக வாதாட வந்தவர் எட்வர்ட் மாஸ்ரிங்கிற வக்கீல். எரின் ப்ராக்கோவிச் படம் பார்த்திருந்தா உங்களுக்கு அவரைத் தெரியும், அவங்க முதலாளி இவர்தான். ஆலைப் பக்கம் போனப்போ அவருக்கே உடம்பு முடியாமப் போச்சு. அதிகாரிங்களைக் கேட்டா, "எங்க கருவியில ஒண்ணும் காட்டலையே"ன்னாங்க. அப்போ ஊர்க்காரங்களே பயன்படுத்துற மாதிரி மலிவா ஒரு கருவி வேணும்னு அவர் செய்ய வெச்சதுதான் இந்த வாளி.

சாதாரண பிளாஸ்டிக் வாளி. இறுக்கமான மூடி, அதுல குழாய். உள்ள ஒரு பிரத்யேகப் பை. சின்ன பம்ப் வெச்சு வாளிக்குள்ள இருக்கிற காத்தை உறிஞ்சினா, வெளிக்காத்து குழாய் வழியா பைக்குள்ள வந்து நிரம்பும். பையைக் கழட்டி சீக்கிரமா லேபுக்கு அனுப்பணும். அவ்வளவுதான். ராத்திரி ரெண்டு மணி வாடையைப் பிடிச்சுப் பைக்குள்ள போட்டாச்சு. இனி யாரும் "இப்ப ஒண்ணும் இல்லையே"ன்னு சொல்ல முடியாது.

கடலூர்ல பிடிச்ச காத்து அமெரிக்காவுல இருக்கிற ஒரு ஆய்வகத்துக்குப் போச்சு. 2004 செப்டம்பர்ல குழு தன்னோட அறிக்கையை வெளியிட்டுது. மாதிரிகள்ல 22 நச்சு ரசாயனங்கள். அதுல 8 புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை.

இன்னொரு விஷயமும் அப்போ வெளிச்சத்துக்கு வந்துது. காத்துல பென்சீன் இவ்வளவுதான் இருக்கலாம்னு அப்போ இந்தியாவுல வரம்பே கிடையாது. வரம்பு இல்லைன்னா மீறலும் இல்லை, எந்த அதிகாரியும் பொய் சொல்லாமலேயே "விதிமீறல் எதுவும் இல்லை"ன்னு சொல்லலாம். 2009 நவம்பர்லதான் தேசிய காற்றுத் தர வரம்புப் பட்டியல் 12 மாசுகளுக்கு விரிஞ்சு, பென்சீன் அதுல இடம்பிடிச்சுது.

அதுக்குள்ள அரசே ஒரு ஆய்வு செய்ய வெச்சுது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்டு, நாக்பூர்ல இருக்கிற நீரி நிறுவனம் 2007இல் செஞ்ச ஆய்வு அது. மறு வருஷம் அது செய்தியா வந்தப்போ தலைப்பு ஒண்ணுதான்: சிப்காட் பகுதியில வாழறவங்களுக்கு வாழ்நாள்ல புற்றுநோய் வர்ற ஆபத்து குறைஞ்சது 2,000 மடங்கு அதிகம். இது ஆபத்தோட மதிப்பீடு, நோயாளிங்க எண்ணிக்கை இல்லைங்கிறதை மனசுல வெச்சுக்கணும். ஆனா குடிகாட்டுக்காரங்க மூணு வருஷம் முன்னாடி ஒரு வாளியை வெச்சுச் சொன்னதை, அரசு நிறுவனத்தோட கருவிகளும் சொல்லுச்சு. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டுல மிக மோசமா மாசுபட்ட 43 தொழிற்பகுதிகளைப் பட்டியல் போட்டப்போ கடலூரும் அதுல இருந்தது.

சொல்றவனுக்கு என்ன விலை?

இதுவரைக்கும் கேட்டா வெற்றிக் கதை மாதிரி இருக்கும். இப்போ அந்த ஊர்ல ஒரு வீட்டுக்குள்ள போவோம். நான் கற்பனை பண்ற வீடுதான், ஆனா தொழிற்பேட்டை இருக்கிற எந்த ஊர்லயும் இருக்கக் கூடிய வீடு.

அம்மா நோட்டுல எழுதறாங்க. பையன் அதே பேட்டையில கான்ட்ராக்ட் லேபர். சூப்பர்வைசர் ஒரு நாள் சாதாரணமா கேட்கிறார்: "உங்க அம்மாதானே அந்த வாளி வெச்சிருக்கறது?" மிரட்டல் எதுவும் இல்லை. வெறும் கேள்விதான். ஆனா அடுத்த மாசம் அவன் பேர் லிஸ்ட்ல இருக்குமான்னு அந்த வீட்டுல யாரும் தூங்க மாட்டாங்க.

பக்கத்து வீட்டு அக்கா மீன் விக்கிறவங்க. "ஆத்துத் தண்ணி கெட்டுப் போச்சு"ன்னு பேப்பர்ல வந்தா, அவங்க கூடை மீனை யார் வாங்குவா? எதிர் வீட்டுல பொண்ணுக்கு வரன் பார்க்கிறாங்க. "அந்த ஊர்க் காத்துல கேன்சர் இருக்காமே"ன்னு பேச்சு வந்தா?

அதனால ஊர்லயே சில பேர் கோபப்படுவாங்க. "ஏம்மா ஊர் மானத்தை வாங்கறே?"ன்னு கேட்பாங்க. அவங்களைக் கோழைன்னோ விலைபோனவங்கன்னோ நான் சொல்ல மாட்டேன். அவங்க பயம் நியாயமான பயம். உண்மையால வர்ற நன்மை எல்லாருக்கும் பங்கு போகும், நமக்கே தெரியாம நமக்கும் வரும். ஆனா அதோட செலவு சொல்ற ஆள் தலையில, அவங்க வீட்டுத் தலையில மொத்தமா விழும். இந்தக் கணக்கு சரியில்லாத வரைக்கும், "ஏன் யாரும் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க"ன்னு சென்னையில உட்கார்ந்துட்டு நாம கேட்கிறதுக்கு அர்த்தமே இல்லை.

தனியா நின்னவங்க

தனியா சொன்னவங்களுக்கு என்ன நடந்தது?

போபால். 1981 டிசம்பர்ல யூனியன் கார்பைடு ஆலையில முகமது அஷ்ரஃப்ங்கிற தொழிலாளி ஃபாஸ்ஜீன் வாயுவால இறந்து போனார். அவரோட நண்பர் ராஜ்குமார் கேஸ்வானி, ஒரு சின்ன ஹிந்தி வாரப் பத்திரிகை நடத்தினவர். ஆலைக்குள்ள இருந்தவங்ககிட்ட தகவல் திரட்டி, இந்த ஊர் ஒரு எரிமலை மேல உட்கார்ந்திருக்குங்கிற மாதிரி 1982இல் வரிசையா எழுதினார். யாரும் கண்டுக்கலை. 1984லயும் மறுபடி எழுதினார். அந்த வருஷம் டிசம்பர் 2 ராத்திரி என்ன நடந்ததுன்னு உலகத்துக்கே தெரியும். அப்புறம் அவருக்கு விருதுகள் கொடுத்தாங்க. சரியாச் சொன்னதுக்காக விருது வாங்கினவர், சரியாச் சொன்னதாலயே யாரையும் காப்பாத்த முடியாமப் போனவர்.

அடுத்தவர் சத்யேந்திர துபே. ஐஐடி கான்பூர்ல படிச்ச இன்ஜினியர், தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துல வேலை. தங்க நாற்கரச் சாலைப் பணியில நடக்கிற முறைகேடுகளைப் பத்தி 2002 நவம்பர்ல பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். என் பேரை ரகசியமா வெச்சுக்கங்கன்னு கேட்டுக்கிட்டார். ஆனா கடிதம் பேரோட சேர்ந்தே மேசை மேசையா போச்சு. 2003 நவம்பர் 27 அன்னைக்கு கயாவுல அவரைச் சுட்டுக் கொன்னாங்க. வயசு 30. இது வழிப்பறிக்காக நடந்த கொலைன்னு சிபிஐ சொல்லுச்சு, 2010இல் மூணு பேருக்குத் தண்டனை கிடைச்சுது. காரணம் எதுவா இருந்தாலும், அவர் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார், அதை அரசாங்கத்தால காப்பாத்த முடியலைங்கிறது மாறாது.

அவர் மரணத்துக்கு அப்புறம் 2004இல் மத்திய அரசு ஒரு தீர்மானம் போட்டு, மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துல புகார் கொடுக்க வழி செஞ்சுது. முறையான சட்டம் 2014இல் பாஸாகி குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைச்சுது. ஆனா அதை அமலுக்குக் கொண்டுவர்ற அறிவிக்கை இன்னும் வரலை. அந்தச் சட்டமும் பொது ஊழியர்கள் செய்ற தப்புக்குத்தான். தனியார் ஆலைக்குள்ள நடக்கிறதைச் சொல்ற கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு அதுல இடம் இல்லை. பேர் சொல்லாம புகார் கொடுத்தா எடுத்துக்க மாட்டாங்க.

இப்போ கடலூர் நோட்டைத் திரும்பிப் பாருங்க. அதுல என்ன வித்தியாசம்? கேஸ்வானி ஒருத்தர். துபே ஒருத்தர். கடலூர்ல பல மூக்கு, பல கையெழுத்து. ஒருத்தரை மிரட்டினா மத்தவங்க எழுதுவாங்க. ஒருத்தர் பொய் சொல்றார்னு சொன்னா, அதே தேதி அதே நேரத்துல வேற ஊர்ல வேற ஆள் அதையே எழுதியிருப்பாங்க. சட்டம் கொடுக்காத பாதுகாப்பை எண்ணிக்கை கொடுத்துது. முழுசா இல்லை, கொஞ்சம். கூட்டமா நின்னாலும் ஆபத்து இருக்குன்னு 2018 மே 22இல் தூத்துக்குடி நமக்குக் காட்டிச்சு. ஆனா ஒருத்தர் தலையில மொத்தமா விழற செலவைப் பல பேர் தலையில பிரிச்சுப் போட முடியும்.

என் ரெஜிஸ்டர்

இதை நான் ஏன் இவ்வளவு தூரம் யோசிக்கிறேன்னு சொல்லிடறேன். படிச்சு முடிச்சு முதல் வேலை, ஒரு லேப்ல. எந்த ஊர், எந்தக் கம்பெனின்னு சொல்லப் போறதில்லை. தினமும் சில ரீடிங் எடுத்து ரெஜிஸ்டர்ல எழுதணும். ஒரு வாரம் கருவி ரிப்பேர். ஆடிட் வருதுன்னு சொன்னாங்க. அந்த ஏழு நாளுக்கும் ரீடிங்கை "நிரப்பச்" சொன்னாங்க. நான் நிரப்பினேன். முந்தின வாரத்தைப் பார்த்து, கொஞ்சம் கூட்டிக் குறைச்சு, வேற வேற பேனாவுல.

என்கூட வேலை பார்த்த சீனியர் அண்ணா ஒருத்தர் அதைப் பார்த்துட்டார். மேனேஜர் மீட்டிங்ல எழுந்து, "சார், அந்த வாரம் மெஷினே ஓடலையே, ரீடிங் எப்படி வந்தது?"ன்னு கேட்டார். ரூம் அமைதியாச்சு. அண்ணா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமா இல்லை. "தம்பி, நீ சொல்லு"ங்கிற மாதிரி.

நான் டேபிளைப் பார்த்தேன். ரூம் வாடகை, வீட்டுக்கு அனுப்பற பணம், தங்கச்சி ஃபீஸ், எல்லாம் அந்த ரெண்டு செகண்ட்ல கணக்குப் போட்டேன். "அவர் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாரு"ன்னு மேனேஜர் சொன்னார். நான் எதுவும் சொல்லலை.

அண்ணாவை யாரும் வேலையை விட்டுத் தூக்கலை. பேசறதை நிறுத்தினாங்க. டீ குடிக்கக் கூப்பிடறதை நிறுத்தினாங்க. ஷிஃப்ட் மாத்தினாங்க. நாலு மாசத்துல அவரே போயிட்டார். கிளம்பற அன்னைக்கு, "உடம்பைப் பார்த்துக்கோ தம்பி"ன்னு மட்டும் சொன்னார். அந்த ரெஜிஸ்டர்ல என் கையெழுத்து இன்னும் இருக்கும்.

ரொம்ப நாள் என்னை நானே கேட்டுக்கிட்ட கேள்வி: "அவர் மாதிரி எழுந்து நிக்கிற தைரியம் எனக்கு ஏன் இல்லை?" கடலூர் கதையைப் படிச்ச பிறகு அது தப்பான கேள்வின்னு தோணுது. அன்னைக்கு அந்த ரூம்ல முதல் ஆள் ஏற்கெனவே எழுந்து நின்னுட்டார். ஹீரோ வேலை முடிஞ்சுது. தேவைப்பட்டது ரெண்டாவது ஆள். "ஆமா சார், மெஷின் ஓடலை"ன்னு நாலு வார்த்தை. முதல் ஆள் ஒருத்தரா இருக்கிற வரைக்கும் அவர் "பிரச்சினை பண்ற ஆள்". ரெண்டாவது ஆள் வந்தவுடனே பிரச்சினை மெஷினுக்குப் போயிடும்.

ஷட்டர்

கடலூர்ல எல்லாம் சரியாயிடுச்சான்னு கேட்பீங்க. இல்லை. 2021 மே மாசம் கூட அந்தப் பேட்டையில ஒரு ஆலையில விபத்து நடந்து தொழிலாளர்கள் உயிர் போச்சு. ஆலைக்காரங்க சில மாற்றங்கள் செஞ்சிருக்காங்க, கண்காணிப்பு கூடியிருக்கு, ஊர்க்காரங்க இன்னும் புகார் கொடுத்துட்டுத்தான் இருக்காங்க. நோட்டு எழுதினதால தொழிற்பேட்டை காலியாகலை. அதை அவங்க எல்லாரும் கேட்கவும் இல்லை. மூச்சு விடக் காத்து கேட்டாங்க.

இதைக் கேட்கிறவங்கள்ல பல பேர் முதல் வேலையில இருப்பீங்க. உங்க ஆபீஸ்லயும் ஒரு ரெஜிஸ்டர் இருக்கும், அது எக்செல் ஷீட்டா கூட இருக்கலாம். நீங்க நாளைக்கே எழுந்து நில்லுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். உங்க வாடகையை நான் கட்டப் போறதில்லை. ஆனா தேதி போட்டு எழுதி வெக்கலாம். பார்த்ததை மட்டும் எழுதலாம். அந்த நோட்டை ஆபீஸ் கம்ப்யூட்டர்ல வெக்காதீங்க. யார்கிட்டயும் சொல்றதுக்கு முன்னாடி, இதையே பார்த்த இன்னொரு ஆள் யாருன்னு தேடுங்க. உங்களுக்கு முன்னாடி வேற யாராவது எழுந்து நின்னுட்டா, டேபிளைப் பார்க்காதீங்க.

போன வருஷம் மறுபடி அந்த பஸ்ல போனேன். பச்சையாங்குப்பம் தாண்டினதும் வழக்கம் போல ஷட்டர்கள் இறங்குச்சு. நான் என் ஜன்னலைத் திறந்தே வெச்சிருந்தேன். பெரிய தியாகம் ஒண்ணும் இல்லை, பத்து நிமிஷம்தான். பின் சீட்டுல இருந்து ஒரு அம்மா, "தம்பி, நாத்தம் அடிக்குது, சாத்துப்பா"ன்னாங்க. "எங்க இருந்தும்மா வருது?"ன்னு கேட்டேன். அவங்க ஒரு நிமிஷம் யோசிச்சாங்க. அப்புறம், எந்த வளைவுல எந்த வாடை வரும், மழைக்காலத்துல எது கூடும், ராத்திரி பஸ்ல எது வரும்னு புதுச்சத்திரம் வர்ற வரைக்கும் சொல்லிட்டே வந்தாங்க.

நான் போன்ல குறிச்சுக்கிட்டேன், தேதியும் நேரமும் போட்டு.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.